சுண்ணாம்பை, சுண்ணாம்பில்

1

இந்தக் கதை 'ரூ' என்ற ஓர் எழுத்திலிருந்து வந்தது. கதை எங்கே கிடைத்தது என்று கேட்டால் எழுதுகிறவர்கள் கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. செங்கத்தில் ஓர் அச்சகத்தில், ஒரு துண்டறிக்கையின் மெய்ப்பில், 'நீற்றி' என்ற சொல்லின் நடுவே எழுத்து விடுபட்டிருப்பதாகக் குறி போட்டு, மேலே சிவப்பு மையால் 'ரூ' என்று எழுதினேன். அதனால் ஜவ்வாது மலையில் ஒருவருக்கு வலது கண் போனது. அவர் மனைவி படிப்பதையே விட்டுவிட்டாள். கதை அவ்வளவுதான். இனி வரும் பக்கங்கள் எல்லாம் என் தயக்கத்தின் நீளம்.

'எழுதினேன்' என்று எழுதிவிட்டேன். இனி அப்படி எழுதுவதாக இல்லை. 'நான்' என்று போட்டு நான்கு முறை தொடங்கிப் பார்த்தேன். நான்கு முறையும் அந்த 'நான்' மூன்றாவது வரியிலேயே வாதாட ஆரம்பித்துவிட்டான். வயதைச் சொன்னான், கண்புரையைச் சொன்னான், அன்றைக்கு மின்சாரம் இரண்டு தடவை போனதைச் சொன்னான். அதனால் அவனை வெளியே நிறுத்தி 'அவர்' ஆக்குகிறேன். பெயர் தசரதன். வயது அறுபத்து மூன்று. முப்பத்தொரு வருடம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறார். கல்யாணப் பத்திரிகையில் ஒற்று மிகவில்லை என்று மாப்பிள்ளை வீட்டாரோடு மல்லுக்கு நின்றவர். 'அவர்', 'வந்தார்' என்று மரியாதையாக எழுதுவதைப் பார்த்து எனக்கு அவர்மேல் பரிவு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பழக்க தோஷம்.

2

தொடக்கங்கள்.

முதலாவது: 'மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. புளிய மரங்கள் ஒவ்வொன்றாக' — நிறுத்திவிட்டேன். கண் போன கதைக்குப் பனி எதற்கு?

இரண்டாவது: 'சசிகலா டீச்சர் நல்லவர்தான், ஆனால் அவருடைய கையெழுத்து' — இதையும் நிறுத்திவிட்டேன். அடுத்தவர் கையெழுத்தில் தொடங்கும் வாக்கியம் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது தொடக்கம் என்னுடையது அல்ல. சசிகலா டீச்சரே எழுதியது. மலைமேல் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறார். அந்த வருடம் மழை நின்றபின் மிளகுக் கொடிகள் அடியிலிருந்து வாடி விழுந்தன. மாணவர்களின் வீட்டுக்காரர்கள் பள்ளி வாசலில் வந்து நின்று, டீச்சருக்கு இரசாயனம் தெரியுமே, ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். அவர் ஒரு துண்டறிக்கை எழுதினார். தலைப்பு: 'கால்சியம் ஆக்சைடு: பண்புகள், தயாரிப்பு, மிளகுக்குப் பயன்.'

'கால்சியம் ஆக்சைடின் பொதுப்பெயர் சுட்ட சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் தொள்ளாயிரம் டிகிரி வரை சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு போய்விடும். மிஞ்சுவது இது. நூறு கிலோ கல்லுக்கு ஐம்பத்தாறு கிலோ மிஞ்சும். வெள்ளை நிறம், மணமில்லை, எளிதில் உருகாது. தண்ணீரைக் கண்டால் விடாது. தண்ணீரோடு சேரும்போது கடும் வெப்பம் வரும். பிறகு பொடியாக உதிர்ந்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகும்.'

'தண்ணீரைக் கண்டால் விடாது' என்ற வரி அறிவியல் நடை இல்லை என்று தசரதனுக்குப் பட்டது. அடிக்கப் போனார். தாளில் இடம் மிச்சம் இருந்ததால் விட்டுவைத்தார். அந்தத் துண்டறிக்கையில் அவர் விட்டுவைத்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

இரண்டாம் பத்தி மருந்து கலக்கும் முறை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த நீலக் கரைசல், கொடியின் அடியில் ஊற்றுவதற்கு. மயில்துத்தம் இரும்பை அரிக்கும். பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, அதன்கீழ் டீச்சர் எழுதினார்:

'ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை நீற்றி, பின் ஐம்பது லிட்டர் தண்ணீரில் கரைக்கவும்.'

(அடிக்குறிப்பு. நீறு என்றால் சாம்பல், பொடி. நீற்றுவது என்றால் நீறாக்குவது. சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும்: குழியிலோ இரும்புச் சட்டியிலோ கட்டிகளைப் பரப்பு, தள்ளி நில், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளி, அது புகைந்து வெடித்து அடங்கித் தானே உதிரும்வரை கிட்டே போகாதே, ஒரு நாள் ஆறவிடு. இத்தனையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. தசரதன் தினமும் நெற்றியில் நீறு பூசிக்கொண்டுதான் அச்சகத்துக்கு வருகிறார்.)

3

(ஐயா, நான் அன்னிக்கே உங்கள கேட்டேன். அதயும் எழுதுங்க. — கல்பனா)

மேலே இருப்பது கல்பனாவின் வரி. அச்சகத்தில் கணினியில் தட்டச்சு செய்கிற பெண். இந்தக் கதையையும் அவள்தான் அடித்துத் தருகிறாள். என் கைப்பிரதியில் இல்லாத அந்த வரியை அவளாகவே சேர்த்துவிட்டாள். நீக்கச் சொல்லலாம் என்று பேனாவை எடுத்தேன். பேனாவை எடுத்த கை எது என்று நினைவு வந்ததும் வைத்துவிட்டேன்.

அவள் சொல்வது உண்மை. அன்று காலை பத்தரை மணிக்கு மெய்ப்பு மேசைக்கு வந்தது. 'நீற்றி' என்ற இடத்தில் தசரதனின் கண் நின்றது. தண்ணீர், கரைசல், லிட்டர் என்று சுற்றிலும் ஈரமாக இருக்கிற பத்தியில் 'நீற்றி' என்றால் என்ன? 'நீரூற்றி' ஆகத்தான் இருக்க வேண்டும். நடுவில் ஓர் எழுத்து விழுந்துவிட்டது. குறி போட்டு 'ரூ' எழுதினார். இந்த முடிவுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு வாய்த் தேநீர்.

கல்பனா திருத்தம் போட உட்கார்ந்தாள். போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஐயா, இது இடிக்குதே. 'சுண்ணாம்பை நீரூற்றி'ன்னு வருது."

"இன்னா வருது?"

"சுண்ணாம்பை நீரூற்றி. சுண்ணாம்பைன்னா சரியா வர்லியே ஐயா. டீச்சர் வேற எதனா எழுதியிருப்பாங்களோ? ஒரு போன் போட்டு கேட்டுடட்டுமா?"

தசரதன் மெய்ப்பை வாங்கிப் பார்த்தார். அவள் சொன்னது சரி. அது இடித்தது. இங்கேதான் அவர் நிற்க வேண்டியது. 'ஐ' என்ற உருபு வாய்திறந்து சொல்கிறது: இங்கே சுண்ணாம்பையே ஏதோ செய்கிறார்கள், சுண்ணாம்பில் ஏதோ செய்யவில்லை. இரண்டாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் உள்ள வித்தியாசத்தை முப்பத்தொரு வருடம் ஏழாம் வகுப்புக்கு நடத்தியவர் அவர். தன் திருத்தம் தப்பு என்று இலக்கணமே வந்து சாட்சி சொன்னது. அவர் சாட்சியைத் திருத்தினார். 'சுண்ணாம்பை' என்பதில் 'ஐ'யை அடித்து 'இல்' ஆக்கினார்.

"இப்ப இடிக்குதா?"

"இல்லீங்க ஐயா."

"சயின்ஸ் டீச்சருங்களுக்கு வேற்றுமையெல்லாம் வராதும்மா. நாமதான் பார்த்துக்கணும்."

துண்டறிக்கை ஐந்நூறு பிரதி அடிக்கப்பட்டு மலைக்குப் போனது. 'ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பில் நீரூற்றி, பின் ஐம்பது லிட்டர் தண்ணீரில் கரைக்கவும்.' பிழையே இல்லாத வாக்கியம். படிக்கிற யாரும் எங்கேயும் தடுக்கி விழ மாட்டார்கள்.

அதைத்தான் நான் இப்போது நினைத்து நினைத்துக் கசந்துகொண்டிருக்கிறேன். 'நீற்றி' என்று இருந்திருந்தால் தெரியாதவர்கள் நின்றிருப்பார்கள். இது என்ன சொல் என்று பக்கத்து வீட்டில் கேட்டிருப்பார்கள், டீச்சரைக் கேட்டிருப்பார்கள். தெரியாத சொல் ஆளை நிறுத்தும். அவர் அதை எடுத்துவிட்டு எல்லோருக்கும் தெரிந்த சொல்லை வைத்தார்.

4

இனி நதியா. இவளை எழுதுவதில் எனக்குச் சிக்கல் இருக்கிறது. சம்பவம் நடந்தபோது நான் அங்கே இல்லை. எட்டு மாதம் கழித்துச் சசிகலா டீச்சர் அச்சகத்துக்கு வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன். முதல் வரைவில் அவளைத் தலைவிரிகோலமாக அழவிட்டிருந்தேன். பிறகு அவளை நேரில் பார்த்தேன். அவள் அழுகிற ஆள் இல்லை. அந்தப் பத்தியைக் கிழித்துவிட்டேன்.

இருபத்தாறு வயது. பன்னிரண்டாவது வரை படித்தவள். ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அந்த ஊருக்கே அவள்தான் கண்ணாக

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. வேறு மாதிரி எழுதுகிறேன்.)

அந்த ஊரில் எதைப் படிக்க வேண்டுமானாலும் அவளிடம்தான் வருவார்கள். வனத்துறை நோட்டீஸ், ரேஷன் குறுஞ்செய்தி, மாத்திரை அட்டை, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல். அவள் படித்துவிட்டு எளிய பேச்சில் திருப்பிச் சொல்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருக்கட்டுமே, தசரதனுக்கு இருந்த பெருமையைவிட அது குறைவுதான்.

அவள் கணவன் கோபால்சாமி. சாமையும் மிளகும் வைத்திருக்கிறார். வாடுகிற கொடிகளைப் பார்த்துப் பார்த்து மனுசன் சோறு இறங்காமல் இருந்தார். செங்கத்திலிருந்து மயில்துத்தமும் சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளும் வாங்கி வந்தாயிற்று. காலை வேளை. வாசலில் ஒரு பழைய பிளாஸ்டிக் குடம். நதியா துண்டறிக்கையை எடுத்து மேலிருந்து ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் எதுக்கு, பண்பு கிண்பு. எப்படி கலக்கறதுன்னு போட்டிருக்கான் பாரு, அத மட்டும் படி" என்றார் கோபால்சாமி.

அவள் இரண்டாம் பத்திக்குப் போனாள். இரும்புப் பாத்திரம் கூடாது என்று படித்தாள். பிறகு, "சுட்ட சுண்ணாம்பில் நீரூற்றி" என்று படித்தாள்.

"இன்னா பண்ணணுமாம்?"

"சுண்ணாம்புல தண்ணி ஊத்தணுமாம். அப்பறமா கரைக்கணுமாம்."

அவர் கட்டிகளைக் குடத்தில் போட்டார். குடத்துக்கு வாய் சின்னது. ஒரு செம்புத் தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்தார். சத்தம் வந்தது. கலங்குகிறதா என்று குனிந்து பார்த்தார்.

நுரைத்துக் கொதித்த சுண்ணாம்பு குடத்தின் வாய் வழியே அவர் முகத்தில் அடித்தது.

இதற்குப் பிறகு நடந்ததை டீச்சர் சொன்னபடியே எழுதுகிறேன். நதியா தண்ணீர்க் குடத்தை நோக்கி ஓடினாள். செம்பை முக்கினாள். அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் ஊற்றியதால்தானே கொதித்தது? இப்போது கண்ணிலும் அதே சுண்ணாம்பு. மறுபடியும் தண்ணீர் ஊற்றினால்? கையில் செம்போடு எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு செம்பை வைத்துவிட்டு முந்தானையால் துடைத்தாள். வேலூரில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "உடனே தண்ணி ஊத்திக் கழுவினீங்களா?" என்பதுதான்.

கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று துண்டறிக்கையின் கடைசி வரியில் இருந்தது. அதுவரை படிக்க யாருக்குப் பொறுமை? இரண்டாம் பத்தியிலேயே குடத்தை எடுத்துவிட்டார்கள்.

ஆக, அந்த 'ரூ' அவர் கண்ணில் இரண்டு தடவை விழுந்தது. முதல் தடவை தண்ணீர் ஊற்றச் சொன்னது. இரண்டாம் தடவை தண்ணீரே வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்து நிறுத்தியது.

5

சசிகலா டீச்சர் அச்சகத்துக்கு வந்தது மறுபதிப்புக்காக. இந்த முறை எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில், மேலேயே போட வேண்டும் என்றார். நடந்ததைச் சொல்லிவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் நேர்ல போய் செஞ்சு காட்டியிருக்கணுங்க ஐயா. நீற்றின்னு எழுதிட்டா போதும், மலையில சுண்ணாம்பு தெரியாதவங்க யாருன்னு நெனச்சுட்டேன். அந்தப் பொண்ணு தண்ணி ஊத்தின்னு படிச்சிருக்கு. அந்தச் சொல்லே அதுக்குத் தெரிஞ்சிருக்காது."

"துண்டறிக்கை வெச்சிருக்காங்களா?" என்று தசரதன் கேட்டார். கேட்ட வேகம் அவருக்கே பிடிக்கவில்லை.

"எங்க ஐயா. அன்னிக்கே அவங்க மாமியார் அடுப்புல போட்டுட்டாங்களாம். தப்பா படிச்சிட்டேன், தப்பா படிச்சிட்டேன்னு அதேதான் சொல்லுது. இப்ப எதயும் படிக்கிறதில்ல. பள்ளிக்கூடத்துலேர்ந்து பிள்ளைங்க கொண்டுபோற தாளக்கூட கையில வாங்க மாட்டேங்குது."

டீச்சர் பழைய அறிக்கையை வாசித்துப் பார்க்கவே இல்லை. தான் எழுதியதைத்தான் அச்சடித்திருப்பார்கள் என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. அதற்குத்தானே தசரதன் இருக்கிறார்.

அவர் போனபின் தசரதன் பழைய கோப்பை எடுத்தார். டீச்சரின் கைப்பிரதி, அதன்மேல் குத்தியிருந்த மெய்ப்புத் தாள். சிவப்பு 'ரூ' மங்காமல் இருந்தது. கல்பனா அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பிறகு போய் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை ஒன்றை அடிக்க ஆரம்பித்தாள்.

இங்கே தசரதனின் வாதங்களை எழுத வேண்டும். அவர் கெட்டிக்காரர்.

அவருடைய பலமான வாதம் வேதியியலிலிருந்தே வருகிறது. சுண்ணாம்பில் நீரூற்றுவதும் சுண்ணாம்பை நீற்றுவதும் ஒன்றுதானே? கால்சியம் ஆக்சைடும் நீரும் சேர்கின்றன, வெப்பம் வருகிறது, நீற்றுச் சுண்ணாம்பு ஆகிறது. சமன்பாட்டில் 'மெல்ல' என்றோ 'தள்ளி நின்று' என்றோ எங்கே இருக்கிறது? ஆகவே திருத்தத்தால் பொருள் மாறவில்லை. இதை அவர் ஒரு தாளில் எழுதிக்கூடப் பார்த்தார். எழுதிவிட்டு வாசித்தபோது, இருபது வருடத்துக்கு முன் விடைத்தாளில் ஒற்றுக்காக ஒரு மதிப்பெண் குறைத்து, அழுத பிள்ளையிடம் 'ஓர் எழுத்தில் பொருளே மாறிவிடும்' என்று தான் சொன்னது நினைவு வந்தது. தாளைக் கசக்கிப் போட்டார்.

(அவர் கசக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மூன்று வாரம் வைத்திருந்தார். உண்மையை எழுதுவது என்று உட்கார்ந்தபின் இதில் மட்டும் என்ன நாகரிகம்?)

6

பங்குனியில் ஒரு நாள் அவர் மலைக்குப் பஸ் ஏறினார். பையில் மெய்ப்புத் தாள். ஜமுனாமரத்தூரில் இறங்கி வேறு பஸ் மாறி, இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்தார்.

நதியா வாசலில் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கோபால்சாமி கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் தோல் வெளுத்துச் சுருங்கி இருந்தது.

"வாங்க சார். குந்துங்க. யார பாக்கணும்?" என்றார் கோபால்சாமி.

"உங்களத்தான். செங்கத்துலேர்ந்து வர்றேன். சசிகலா டீச்சர் சொன்னாங்க. பார்த்துட்டுப் போலாம்னு."

டீச்சர் பெயரைக் கேட்டதும் பாய் வந்தது, தண்ணீர் வந்தது. மிளகைப் பற்றி, புளி காய்ப்பைப் பற்றிப் பேச்சு போனது. தசரதன் இரண்டு முறை பைக்குள் கையை விட்டார். இரண்டு முறையும் கோபால்சாமி ஏதோ கேட்டுவிட்டார். இரண்டாம் முறை கேட்டது, 'வெயில்ல நடந்தா வந்தீங்க?' என்பது. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தாளை எடுத்திருக்கலாம்.

நதியா எழுந்து உள்ளே போனபோது கோபால்சாமி குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர் கிட்ட சொல்லுங்க சார், அவள ஒண்ணும் கேக்க வேணாம்னு. தெரியாம படிச்சிட்டா. வேணும்னா செஞ்சா? எங்கம்மாதான் பேசிக்கினே இருக்கும். நான் ஒரு நாளும் அவள ஒரு வார்த்த சொன்னதில்ல. அன்னிக்கே மன்னிச்சிட்டேன்."

செய்யாத குற்றத்துக்கு அவளை மன்னித்துவிட்டிருக்கிறார். அந்த மன்னிப்பின்கீழ்தான் அவள் எட்டு மாதத்துக்கு மேலாகத் தலைகுனிந்து சோறு போடுகிறாள். வெட்கக்கேடு, தசரதனுக்கு இதிலும் ஒரு புதிய வாதம் கிடைத்தது: இந்த மனிதரிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெருந்தன்மை ஒன்றுதான், அதையும் பிடுங்கலாமா?

நதியா ஒரு சின்ன மருந்துப் புட்டியும் அதனோடு வந்த தாளும் எடுத்துவந்தாள்.

"சார், இத கொஞ்சம் படிச்சி சொல்றீங்களா? புது மருந்து. நல்லா இருக்கற கண்ணுக்கு. எத்தினி தபா ஊத்தணும்னு."

"நீ படிச்சவதானம்மா. தமிழ்லயே போட்டிருக்குதே."

அவள் தாளை அவர் பக்கம் நீட்டியபடியே நின்றாள். எழுத்துப் பக்கம் அவள் கண் போகவே இல்லை.

"நான் படிச்சா தப்பா போவும் சார்."

சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் எந்தக் கதையிலும் வராது. கதை எழுதுகிற எவனும் இப்படி ஒரு வாசலைத் திறந்துவைத்தால் கூச்சப்படுவான், செயற்கையாக இருக்கிறது என்று. ஆனால் இது நடந்தது. அவள் நீட்டினாள். அவர் வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒரு சொட்டு, ஊற்றும் முன் கையைக் கழுவ வேண்டும் என்று தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, பிழையில்லாமல் படித்தார்.

"மூணு தபா" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். "ரொம்ப நன்றி சார்."

தசரதன் அடுத்த பஸ்ஸில் மலை இறங்கிவிட்டார்.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

(அ) தசரதன் மறுவாரமே திரும்பப் போகிறார். தாளைக் காட்டுகிறார். நதியா நீண்ட நேரம் அதைப் பார்த்துவிட்டு, "பரவால்ல சார், உங்களுக்கும் தெரியாமதான நடந்துது" என்கிறாள். இதை அடித்து முடித்துவிட்டுக் கல்பனா திரும்பினாள். "அவங்க ஏன் ஐயா பரவால்லன்னு சொல்லணும்?" என்றாள். முடிவு (அ) போயிற்று.

(ஆ) தசரதன் ஒரு கடிதம் எழுதுகிறார். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். தபாலில் போடுகிறார். படிப்பதை விட்டுவிட்ட பெண்ணுக்குக் கடிதம். இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவனை நினைத்து எனக்கே கூசியது.

(இ) தசரதன் இறந்துபோகிறார். கோப்பைக் கல்பனா எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறாள். நல்ல சோக முடிவு, இதழ்களுக்குப் பிடிக்கும். தன் பிழையை அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டுச் செத்துப்போவது அவருக்கு எவ்வளவு பொருத்தம் என்று பார்த்தேன். அடித்துவிட்டேன்.

(நாலாவது ஒண்ணு இருக்குது ஐயா. அத எழுத வேணாம். போய்ட்டு வாங்க. — கல்பனா)

'அவர்' போதும். தசரதன் என்று ஒருவரும் இல்லை. இருப்பது நான்தான். நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: 'நீ சரியாத்தாம்மா படிச்ச, தப்பு அச்சுல, அத மாத்துனவன் நான்.' அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருக்க இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். இப்போது அதையும் எழுதிவிட்டேன். எழுதியதும் நெஞ்சு இலேசானது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இதைப் படிப்பதால் உங்களுக்கு ஒரு கதை கிடைத்தது, எனக்கு ஒரு நிம்மதி கிடைத்தது. அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவள் படிப்பதில்லை.

எனவே முடிவை எழுத மாட்டேன். எழுதிவிட்டால் போக மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

இந்தக் கதை அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் நான் போயிருக்கவும் கூடும், போகாமலே இருந்திருக்கவும் கூடும். நீங்கள் எப்போதாவது ஜமுனாமரத்தூர் பக்கம் போனால் சந்தை நாளில் பஸ் நிற்கும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவரும், கன்னம் வெளுத்திருக்கும், கூட ஒரு பெண்ணும் புளி மூட்டையோடு வரலாம். பஸ் வந்து நிற்கும். முன்னால் ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அவள் தலை நிமிர்ந்து அதைப் படித்து அவரைக் கைபிடித்து ஏற்றினால், நான் போய்ச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படியில்லாமல், பலகையைப் பார்க்காமல் உங்கள் பக்கம் திரும்பி, "ஏங்க, இது செங்கம் போவுதுங்களா?" என்று அவள் கேட்டால் நான் போகவில்லை. பஸ் கிளம்ப இரண்டு நிமிடமாவது இருக்கும். அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் சொல்லிவிடுங்கள்.